அப்பா என்றால் தொகை!

பெருமதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எங்கள் அணியின் நண்பர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் அன்புச் சகோதர சகோதரிகளே, அரங்கம் நிறைந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால், ரிமோட்டைப் பிள்ளைகளிடம் பறிகொடுத்துவிட்டு, அவர்கள் வைத்ததைப் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தைமார்களே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

(சிரிப்பு)

சிரிக்காதீங்க. ‘பெரியோர்களே, தாய்மார்களே’ன்னுதான் எல்லா மேடையிலயும் சொல்றாங்க. ‘தந்தைமார்களே’ன்னு யாராவது கூப்பிட்டுக் கேட்டிருக்கீங்களா? பெரியோர்கள்னு சொன்னதுல நம்மளையும் சேர்த்துக்கிட்டாங்கன்னு நாமளா நினைச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கோம். அதனாலதான் இன்னைக்குத் தனியா ஒரு வணக்கம் வச்சேன்.

இன்றைய தலைப்பு, ‘தந்தையாய் இருப்பது சுகமா, சுமையா?’ நான் சுகமே என்று பேச வந்திருக்கிறேன். வீட்டிலிருந்து கிளம்பும்போது என் மனைவி கேட்டாங்க, “என்ன தலைப்பு?” சொன்னேன். “நீங்க எந்தப் பக்கம்?” “சுகம்”னேன். “அதானே! சுமந்தது நான்தானே”ன்னுட்டு உள்ளே போயிட்டாங்க.

(கைதட்டல்)

பட்டிமன்றத்துக்குக் கிளம்புற முன்னாலேயே வீட்டுல தீர்ப்புச் சொல்லிடறாங்க ஐயா.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அம்மையார் மிக அருமையாகப் பேசினார். தந்தையின் வாழ்க்கையையே ஒரு ரசீதுப் புத்தகமாக விரித்துக் காட்டினார். பள்ளிக்கூடத்துக்குக் கட்டு, கல்லூரிக்குக் கட்டு, விடுதிக்குக் கட்டு, கடைசியில் கட்டிக்கொடுக்கவும் கட்டு! வாழ்நாள் முழுக்கக் கட்டிக் கட்டியே கட்டையாகப் போகிறான் என்றார். முடிவாக ஒரு வாக்கியம் சொன்னார், “பிள்ளைகளைப் பொறுத்தவரை அப்பா என்றால் தொகை!” அரங்கமே அதிர்ந்தது. நானும் கை தட்டினேன்.

ஏன் தட்டினேன் தெரியுமா? அவங்க எனக்கு எடுத்துக் கொடுத்துட்டாங்க. அம்மா, நீங்க சொன்னது கணக்குப் புத்தகத்துல இருக்கிற தொகை. நான் தமிழ் வாத்தியார். எங்க இலக்கணப் புத்தகத்துல வேற ஒரு தொகை இருக்கு. அதுக்குப் பின்னால வர்றேன்.

முதலில் ஒரு தந்தை எப்படி உருவாகிறான் என்று பார்ப்போம். ஏழாம் மாதம் வளைகாப்பு. கை நிறைய வளையல் போட்டு, கலவைச் சாதம் கட்டி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான். பயப்படுகிற பெண்ணுக்குத் தன் அம்மா பக்கத்தில் இருப்பதைவிட வேறு தைரியம் உண்டா? ஆனால் அந்த வழக்கத்தில் மாப்பிள்ளையின் இடம் எது? விருந்தாளி! சொந்தப் பிள்ளையைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளும் வாங்கிக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துவிட்டு வருகிறவன் உலகத்தில் அவன் ஒருவன்தான்.

குழந்தையைக் கையில் கொடுப்பார்கள். சுற்றிலும் அஞ்சு பெண்கள் நிற்பார்கள். “தலையைப் பிடிங்க மாப்பிள்ளை.” தலையைப் பிடிச்சா, “கழுத்தைத் தாங்குங்க.” கழுத்தைத் தாங்கினா, “முதுகு தொங்குது பாருங்க.” எனக்கு இருக்கிறதே ரெண்டு கை. முப்பது விநாடிதான். “குடுங்க, குடுங்க, அழப்போறான்”னு திரும்ப வாங்கிக்கிட்டாங்க. அவன் அழல. எனக்குத்தான் அழுகை வந்தது.

மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ குழந்தை நம் வீட்டுக்கு வருகிறது. வந்ததும் என் மகன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ‘இந்த ஆள் யாரு, இவர் ஏன் நம்ம வீட்டுல படுத்திருக்காரு?’ என்கிற பார்வை.

மத்திய அரசு ஊழியருக்கு மனைவியின் பிரசவத்தை ஒட்டி 15 நாள் தந்தை விடுப்பு உண்டு. தாய்க்கு 180 நாள். நியாயம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 15 நாளில் குழந்தையின் கழுத்தை எப்படிப் பிடிப்பது என்று கற்று முடிக்கும்போது, அலுவலகத்தில் கையெழுத்துப் போடக் கூப்பிட்டு விடுகிறார்கள்.

சரி, தாலாட்டிலாவது இடம் உண்டா? நம் நாட்டுப்புறத் தாலாட்டுகளைக் கேட்டுப் பாருங்கள். முக்கால்வாசி மாமன் புராணம்! மாமன் யானை மேல வருவான், மாமன் பொன்னாலே தொட்டில் கொண்டு வருவான், மாமன் முத்து அளப்பான். பாடுகிறவள் தாய். தாய்மாமன் என்பவன் அவளுடைய அண்ணன், தம்பி. பிறந்த வீட்டுப் பெருமையைப் புகுந்த வீட்டில் உரக்கச் சொல்ல அவளுக்குக் கிடைத்த ஒரே மேடை அந்தத் தொட்டில்தான். அதை நாம் தப்புச் சொல்லக்கூடாது. ஆனால் அந்தத் தொட்டிலுக்குக் கயிறு வாங்கி, உத்தரத்தில் ஏறிக் கட்டி, தொங்கிப் பார்த்து, கீழே விழுந்தவன் ஒருத்தன் இருக்கான். அவனைப் பற்றி அந்தப் பாட்டுல ஒரு அடி இருக்கா?

(சிரிப்பு, கைதட்டல்)

நமக்குத் தந்திருக்கிற இடம் எவ்வளவு தெரியுமா? ஓர் எழுத்து. இனிஷியல்! பாட்டன் பெயரைப் பேரனுக்கு முழுதாக வைப்பார்கள். இடையில் இருக்கிற தந்தைக்கு ஓர் எழுத்து, ஒரு புள்ளி. இப்போது அம்மாவின் எழுத்தையும் சேர்த்து எழுதுகிறார்கள். மிகவும் நல்லது. புள்ளிக்குப் பக்கத்துல துணைக்கு ஆள் கிடைச்சது.

இது நம் ஊரில் மட்டும் என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் அன்னையர் தினத்தை அரசு 1914-ஆம் ஆண்டே அறிவித்துவிட்டது. தந்தையர் தினத்துக்குக் கதை வேறு. ஸ்போகேன் என்கிற ஊரில் சொனோரா ஸ்மார்ட் டாட் என்று ஒரு பெண்மணி. அவருடைய தாய் இறந்த பிறகு, போர்வீரராக இருந்த தந்தை தனி ஆளாக நின்று ஆறு பிள்ளைகளை வளர்த்தார். தேவாலயத்தில் அன்னையர் தினப் பிரசங்கத்தைக் கேட்ட அந்த அம்மா, ‘எங்கள் அப்பாவுக்கு ஒரு நாள் வேண்டாமா?’ என்று கேட்டார். அவருடைய முயற்சியால் 1910 ஜூன் மாதம் அந்த ஊரில் தந்தையர் தினம் கொண்டாடினார்கள். ஆனால் அது சட்டமாகி, ஜூன் மாதத்து மூன்றாவது ஞாயிறு என்று நிலைத்தது எப்போது? 1972-இல்! தாய்க்கு 1914, தந்தைக்கு 1972. ஐம்பத்தெட்டு வருஷம் வரிசையில நின்னிருக்கான் ஐயா! ரேஷன் கடையிலகூட அவ்வளவு நேரம் நிற்க மாட்டோம்.

“இவ்வளவும் சொல்கிறீர்களே, பிறகு எங்கே ஐயா சுகம்?” என்று நடுவர் பார்க்கிறார். சொல்கிறேன்.

புறநானூற்றில் 188-ஆம் பாட்டு. பாடியவன் யார்? பாண்டியன் அறிவுடை நம்பி. ஒரு பேரரசன். படை இருக்கிறது, பரிவாரம் இருக்கிறது, பலரோடு உட்கார்ந்து உண்ணும் செல்வம் இருக்கிறது. அவன் எதைப் பாடுகிறான்? ஒரு குழந்தை குட்டிக் குட்டி அடி எடுத்து வைத்து வருகிறது. கையை நீட்டுகிறது. தட்டில் இருப்பதைத் தொடுகிறது, கவ்வுகிறது, துழாவுகிறது, நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொள்கிறது. இப்படி மயக்குகிற மக்கள் இல்லாதவனுக்கு வாழ்கிற நாளில் பயன் என்ன இருக்கிறது என்று கேட்கிறான்.

இந்தப் பாட்டை இருபது வருஷமாக வகுப்பில் நடத்துகிறேன். ஒரு நாள் கல்லூரிக்குக் கிளம்புகிற அவசரம். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்டது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ரசம் சாதத்துக்குள் ரெண்டு கையையும் விட்டு எடுத்து, அப்படியே என் நெஞ்சில் வச்சா. முத்திரை குத்தின மாதிரி அஞ்சு விரல்! கோபம் வரணும். வரல. அன்னைக்குத்தான் அந்தப் பாட்டுக்கு எனக்கு உரை கிடைச்சது. மாத்துச் சட்டை போட்டுக்கிட்டு வகுப்புக்குப் போனேன். அந்த ரசக்கறை போகவே இல்லை. சட்டையைத் தூக்கிப் போட என் மனைவி மூணு தடவை எடுத்தாங்க. மூணு தடவையும் நான் அதை பீரோவுக்குள்ள திரும்ப வச்சிட்டேன்.

வள்ளுவரும் மக்கட்பேறு என்று ஓர் அதிகாரமே வைத்தார். பிள்ளையின் சின்னக் கை அளாவிய கூழ் அமிழ்தத்தைவிட இனிக்கும் என்கிறார். அமிழ்தம் யாருக்கும் கிடைத்ததில்லை. கூழ் எல்லா வீட்டிலும் கிடைக்கும். ஏழை வீட்டுத் தகப்பனுக்கும் எட்டுகிற இடத்தில் அந்தச் சுகத்தை வைத்தார் பாருங்கள், அதுதான் வள்ளுவர்.

ஆகவே, சுகம் இருக்கிறது. ஆனால் அதே தகப்பன், பிள்ளை வளர வளர ஏன் விறைத்துப் போகிறான்? சோற்றுக்கையை நெஞ்சில் வாங்கிக்கொண்டவன், பத்து வருஷம் கழித்து ஏன் ரேங்க் கார்டைப் பார்த்து முறைக்கிறான்?

அதற்கும் காரணம் புறநானூற்றிலேயே இருக்கிறது. 312-ஆம் பாட்டு. அதில் ஒரு வேலைப் பட்டியல் வருகிறது. பெற்று வளர்ப்பது தாயின் கடமை. சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை. வேல் வடித்துத் தருவது கொல்லன் கடமை. நல்லொழுக்கம் தருவது வேந்தன் கடமை. போர்க்களத்தில் யானையை வீழ்த்தித் திரும்புவது மகன் கடமை. பாடியவர் பொன்முடியார், ஒரு பெண்பாற் புலவர். கவனிச்சீங்களா? வீட்டுல யாருக்கு என்ன வேலைன்னு பிரிச்சுக் கொடுக்கிறது இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே அம்மாதான்!

(பலத்த கைதட்டல்)

வேலையைப் பிரித்ததில் சிக்கலான வேலை தந்தைக்கு வந்தது. பெற்று வளர்ப்பவள் கொஞ்சலாம். சான்றோன் ஆக்க வந்தவன் கொஞ்ச முடியுமா? ‘நான் சிரித்துவிட்டால் இவன் படிக்க மாட்டானே’ என்கிற பயம். அந்தப் பயத்துக்கு வீட்டில் வைத்த பெயர்தான் கண்டிப்பு.

இதற்கு இலக்கணத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எந்தை என்றால் என் தந்தை. நுந்தை என்றால் உன் தந்தை. குற்றியலுகரம் என்று ஒன்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஓசை குறைந்து அரை மாத்திரையாக ஒலிக்கிற உகரம். அது சொல்லின் கடைசியில்தான் வரும். சொல்லின் முதலிலேயே அது வருவதற்குத் தொல்காப்பியர் வழியில் காட்டப்படுகிற சொல் ஒன்றே ஒன்றுதான். எது? நுந்தை! ‘உன் தந்தை’ என்று சொல்ல வாய் திறக்கும்போதே சத்தம் பாதியாகிவிடுகிறது.

இன்னைக்கும் அப்படித்தானே? வீட்டுல பிள்ளைங்க கூத்தடிச்சுக்கிட்டு இருக்கும். வாசல்ல வண்டிச் சத்தம். “டேய், உங்கப்பா வந்துட்டாருடா”ன்னு அம்மா சொன்னா போதும். டிவி சத்தம் அரை மாத்திரை, பாட்டுச் சத்தம் அரை மாத்திரை, பாட்டியோட இருமல்கூட அரை மாத்திரை! தொல்காப்பியர் நம்ம வீட்டு நிலவரத்தைப் பார்த்துத்தான் எழுதினார்னு நான் நம்புறேன்.

இப்போது எதிரணி அம்மையார் சொன்ன தொகைக்கு வருகிறேன்.

இலக்கணத்தில் தொகை என்றால் மறைந்து வருவது. ‘பால் குடித்தான்’ என்கிறோம். முழுதாகச் சொன்னால் பாலைக் குடித்தான். அந்த ‘ஐ’ மறைந்து நிற்கிறது. ஊறுகாய் என்கிறோம். ஊறின காய், ஊறுகின்ற காய், ஊறும் காய். மூன்று காலமும் உள்ளே மறைந்திருக்கிறது. அதற்கு வினைத்தொகை என்று பெயர். உழைத்த அப்பா, உழைக்கின்ற அப்பா, உழைக்கும் அப்பா. இதுவும் மூன்று காலமும் மறைந்த வினைத்தொகைதான். ஊறுகாய் மாதிரியே இவரையும் இலையின் ஓரத்துலதான் வைப்போம்!

பால்குடம் என்றால் பாலை உடைய குடம். இதில் ‘ஐ’ மட்டும் அல்ல, ‘உடைய’ என்கிற சொல்லும் சேர்ந்து மறைந்திருக்கிறது. இதற்கு உருபும் பயனும் உடன்தொக்க தொகை என்று பெயர். ஒரு தகப்பன் பேசுகிற பேச்செல்லாம் உடன்தொக்க தொகை. சொல்ல வந்ததில் பாதி உள்ளே மறைந்திருக்கும். விரித்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

ராத்திரி பத்தரைக்கு மகன் வருகிறான். அப்பா கேட்பது இரண்டே சொல். “மணி என்ன?” பையன் நினைக்கிறான், ‘சுவத்துலதான் கடிகாரம் மாட்டியிருக்கே!’ தம்பி, அது தொகை. விரிச்சுப் பாரு. ‘ஒன்பது மணியிலிருந்து வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துக்கிட்டிருக்கேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டப்பல்லாம் வயித்தைக் கலக்குச்சு. வந்துட்டியா, போதும்.’ இவ்வளவும் மறைஞ்சு ‘மணி என்ன’ன்னு வெளியே வருது.

மகள் ஊருக்குக் கிளம்புறா. அம்மா கட்டிப்பிடிச்சு அழறாங்க. அப்பா கேக்கறார், “பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கா?” விரித்தால், ‘நீ போன பிறகு இந்த வீட்டுல எனக்குப் பேச்சுத்துணை யாரும்மா?’

வெளியூரில் இருக்கிற பிள்ளைக்குப் போன் போட்டு, “அம்மா கேக்கச் சொன்னா, சாப்பிட்டியா?” என்பார். அடுக்களையிலிருந்து சத்தம் வரும், “நான் எங்கங்க கேக்கச் சொன்னேன்?” அய்யய்யோ! தொகையைப் போட்டு உடைச்சிட்டாங்களேன்னு மனுஷன் போனை எடுத்துக்கிட்டு வாசலுக்குப் போயிடுவார்.

பெரிய தலைவர்களுக்கும் இதே கதைதான். 1928 கோடையில் நேரு அலகாபாத்தில் இருக்கிறார், பத்து வயது இந்திரா முசௌரியில் இருக்கிறார். மகளுக்குக் கடிதம் எழுதுகிறார். எதைப் பற்றி? பூமி எப்படி உண்டாயிற்று, உயிர்கள் எப்படித் தோன்றின, மனிதன் எப்படிப் பேசக் கற்றான்! அது அடுத்த ஆண்டே புத்தகமாக வந்தது. பின்பு 1930-இல், நைனி சிறையிலிருந்து பிறந்தநாள் கடிதம். சிறையில் இருப்பவன் என்ன பரிசு அனுப்ப முடியும் என்று தொடங்கி, வரலாற்றையே எழுதி எழுதிக் குவித்தார். ஏறத்தாழ இருநூறு கடிதங்கள்! ‘உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது’ என்கிற ஒரே வரியை ஒரு தகப்பன் விரித்து எழுதினால், அது உலக சரித்திரம் ஆகிவிடுகிறது.

(நீண்ட கைதட்டல்)

நடுவர் ஐயா மணியில கை வைக்கிறார். ரெண்டே நிமிஷம் ஐயா. என் சொந்தக் கதை ஒன்று சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

என் தகப்பனார் சின்ன மளிகைக்கடை வைத்திருந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்பு. சீரகம், கடுகு, பருப்பு எல்லாம் அப்போது காகிதப் பொட்டலம்தான். பழைய பத்திரிகைகளைக் கிலோக் கணக்கில் வாங்கி அடுக்கி வைத்திருப்பார். பள்ளிக்கூடம் விட்டு நான் கடைக்குப் போனால், எடைக்கல்லுக்கு அடியில் நாலைந்து தாள் இருக்கும். முகத்தைப் பார்க்காமலே சொல்லுவார், “இதுல மை ஒட்டுது. பொட்டலத்துக்கு ஆகாது. எடுத்துட்டுப் போ.”

எடுத்துப் போய்ப் படிப்பேன். எல்லாம் கதை, கட்டுரை, கவிதை. சில கதைக்கு முதல் பக்கம் இருக்காது, சிலதுக்கு முடிவு இருக்காது. இல்லாததை நானே கட்டிக்கொள்வேன். இன்றைக்கு மேடையில் கதை கட்டுகிறேனே, அந்தப் பயிற்சி அங்கே வந்ததுதான்.

அவர் ஒரு நாளும் என்னை ‘நல்லாப் படி’ என்று சொன்னதில்லை. பாராட்டியதும் இல்லை. எனக்கு அதில் ஒரு வருத்தம் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. முனைவர் பட்டம் வாங்கிக்கொண்டு போய்க் காலில் விழுந்தேன். “சரி, சரி, எழுந்திரு. சாப்பிட்டியா?” என்றார். அவ்வளவுதான். மறுநாள் கடைக்கு வந்தவர்களிடம் மட்டும், “பையன் டாக்டர் ஆயிட்டான். ஆனா காய்ச்சலுக்கு அவன்கிட்ட வராதீங்க”ன்னு சொல்லியிருக்கார்.

அவர் காலமான பிறகு கடையை ஒழித்துக்கொண்டிருந்தோம். அவரிடம் பல வருஷம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் உதவிக்கு வந்திருந்தார். பழைய பேப்பர் கட்டைப் பார்த்ததும் நான் சொன்னேன், “அண்ணே, அப்பா எனக்கு மை ஒட்டுற தாளாப் பார்த்துக் கொடுப்பார்.” அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் தம்பி, மை ஒட்டினா கதைப் பக்கத்துல மட்டும்தான் ஒட்டுமா? விளம்பரப் பக்கத்துல ஒட்டாதா?” என்றார். நான் அப்படியே நின்னுட்டேன். அவர் மேலும் சொன்னார், “கட்டைப் பிரிச்சதும் முதல்ல உங்களுக்குத்தான் பொறுக்கி வைப்பாரு. போன வாரம் பாதியில நின்ன கதைக்கு அடுத்த பக்கம் இருக்கான்னு எழுத்துக்கூட்டித் தேடிக்கிட்டு இருப்பாரு.”

தொகைகளிலேயே கடைசித் தொகை அன்மொழித்தொகை. அதில் பொருள் சொல்லுக்குள் இருக்காது, வெளியே நிற்கும். தேடிப் போய்த்தான் பார்க்க வேண்டும். ‘மை ஒட்டுது’ என்பதற்கு வெளியே, எழுத்துக்கூட்டிக்கொண்டு என் அப்பா நின்றிருக்கிறார். இலக்கணத்தில் பட்டம் வாங்கினவன் நான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் தொகையை விரித்துக் காட்டினேன். என் வீட்டுத் தொகையை விரிக்க எனக்குத் தெரியவில்லை. தெரிந்தபோது, சொல்வதற்கு அவர் இல்லை.

அதனால் பிள்ளைகளே, உங்கள் அப்பாவின் பேச்சைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். அப்பாக்களே, நீங்களும் எல்லாவற்றையும் தொகையாகவே வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். எப்போதாவது ஒரு நாள், உருபும் பயனும் வெளிப்படையாக, ஒரு வாக்கியம் முழுசாகச் சொல்லிவிடுங்கள்.

ஊருக்கு உபதேசம் பண்றதுக்கு முன்னால வீட்டுல செய்து பார்க்கணும் இல்லையா? போன வாரம் வெளியூரில் வேலை பார்க்கும் என் மகனுக்குப் போன் போட்டேன். மனசைத் தேத்திக்கிட்டுச் சொன்னேன், “தம்பி, உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்குப்பா.”

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா கேட்டான், “அப்பா... உடம்புக்கு என்ன செய்யுது? போனை அம்மாகிட்ட குடுங்க.”

(அரங்கம் நிறைந்த சிரிப்பு)

அவங்ககிட்ட, “அப்பாவுக்குப் பிரஷர் பார்த்தீங்களா?”ன்னு விசாரிச்சிருக்கான். ஐம்பத்தெட்டு வருஷம் காத்திருந்த வர்க்கமில்லையா நம்மளது, நான் மனசு விடல. அன்னைக்கு ராத்திரி திரும்ப போன் வந்தது. அம்மா நம்பருக்கு இல்லை, என் நம்பருக்கு. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தோம். பிறகு கேட்டான்,

“அப்பா, சாப்பிட்டீங்களா?”

தொகைதான். ஆனால் இந்த முறை எனக்கு விரிக்கத் தெரிந்தது.

அந்த ஒரு சொல்லுக்காக எத்தனை ரசீது வேண்டுமானாலும் கட்டலாம். ஆகவே, தந்தையாய் இருப்பது சுகமே, சுகமே!